பாட்டுக்காரி இல்லாத இசைத்தட்டு

பூவரசங்குளம்,
வவுனியா.
28.08.2024

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் சிவராசாவுக்கு,

அத்தான் கனகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது அக்கா நேசமலரும், நீர் கப்பலில் அனுப்பிய பாட்டுப் பெட்டியும் பிள்ளையார் துணையால் சுகமாக இருக்கிறோம். அங்கே டென்மார்க்கில் நீரும் பிரேமிளாவும் பிள்ளைகளும் குளிருக்குக் கால்மேசு போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

போன ஞாயிறும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்தோமே, பிறகு என்ன கடிதம் என்று யோசிப்பீர். காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் உம்மோடு கதைக்கும்போது உமது அக்கா பக்கத்தில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பா. குரல் பதிவு அனுப்பலாம் என்றால், எனக்கு அதைச் சத்தமாகக் கதைத்துத்தான் பழக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் கணபதி பதில் சொல்லுவான். கடிதம் ஒன்றுதான் சத்தமில்லாமல் போய்ச் சேரும். இருபத்தெட்டு வருடம் உப தபாலகத்தில் முத்திரை குத்தியவன் சொல்கிறேன், நம்பும். இதை நான் எழுதியது அக்காவுக்குத் தெரியக்கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது. ஆனால் ஒழுங்காக முதலிலிருந்து சொன்னால்தான் உமக்கு விளங்கும், எனக்கும் விளங்கும்.

நீர் வீட்டை விட்டு மாடிக் குடியிருப்புக்குப் போகிறீர், அங்கே இடமில்லை என்று சொல்லித் தட்டுச் சுற்றும் மெசின், அம்பிளிபயர், இரண்டு ஸ்பீக்கர், காதில் மாட்டுகிற ஹெட்போன், நாற்பத்துமூன்று இசைத்தட்டு எல்லாவற்றையும் பெட்டி கட்டி அனுப்பினீர். ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தோம். வைத்த உடனேயே உமது அக்கா ஒரு நிபந்தனை போட்டா. பெட்டியில் உங்கட தட்டு மட்டும் பாடக்கூடாது, என்ரை போனும் பாடவேணும் என்றா. அவாவின் போனுக்குள் காலைக்குத் தேவாரம், மத்தியானத்துக்குப் பழைய பாட்டு என்று எல்லாம் இறக்கி வைத்திருக்கிறா. சரி, ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறோம், ஒரு பெட்டிக்குள் இரண்டும் இருக்கட்டும் என்று நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்பிளிபயரின் முதுகுப் பக்கம் போனேன். அங்கே வரிசையாகத் துளைகள். ஒன்றின் மேல் ‘போனோ’ என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. தம்பி, நீரே சொல்லும், கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிற மனிதன் அதை எங்கே கொழுவுவான்? டென்மார்க் ஆட்கள் சொல்லின் கடைசியில் ஒரு ‘ஓ’ போட்டுக் கதைக்கிறவர்களாக்கும் என்று நினைத்து, போனின் வயரை அதற்குள் கொழுவினேன். மிச்சம் இருந்த ‘ஆக்ஸ்’ என்ற துளைக்குள் தட்டு மெசினின் வயரைக் கொழுவினேன். மெசினோடு இன்னொரு மெல்லிய வயரும் தொங்கியது. உதிரியாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர் என்று அதைச் சுருட்டி ஒட்டுநாடா சுற்றி வைத்தேன்.

முதல் நாள் காலை அக்கா குளித்து, திருநீறு பூசி, போனில் தேவாரத்தைத் தட்டினா. சுவாமி இரங்கி அருள்வதற்குப் பதிலாக நேரில் இறங்கி அதட்டியதுபோல் ஒரு சத்தம். சுவரில் கலண்டர் ஆடியது. நாய் படலையைத் தாண்டி ஓடி, அடுத்த நாள் மத்தியானம்தான் திரும்பி வந்தது. கணபதி பாதி முகம் சவரம் செய்தபடி வேலியால் எட்டிப் பார்த்து, “அண்ணை, கோயில் ஸ்பீக்கர் உங்கட வீட்டுக்குள்ளையோ விழுந்தது?” என்று கேட்டான். போனை நிறுத்திவிட்டு, சரி, தட்டைப் பார்ப்போம் என்று ஒன்றைச் சுற்றவிட்டேன். அது நுளம்பு பாடுவதுபோல் பாடியது. நடுவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வேறு. நான் சத்தத்தை முழுதாகத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். என் காது அங்கே இருக்கிறது என்பதை யோசிக்காமல் உமது அக்கா, “சரி, உது பாடாது, என்ரை போனுக்குத் திருப்புவம்” என்று குமிழைத் திருப்பிப் போனைத் தட்டினா. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. கணபதி மற்றப் பாதி முகத்தைச் சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டான் என்று மட்டும் அறியும்.

இந்தக் கட்டத்தில்தான் சங்கிலியைக் கூப்பிட்டேன். சங்கிலி கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். மலைநாட்டிலிருந்து தாய் தகப்பனோடு சின்ன வயதில் வந்து இந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். ஐம்பது தாண்டிய மனிதன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பெட்டியின் முதுகைப் பார்த்தவர் ஐந்து நிமிடம் அதற்குப் பின்னாலேயே குனிந்திருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஐயா, போனோன்னா போன் இல்லீங்க, தட்டுதாங்க. தட்டுல வர்ற சத்தம் ரொம்பச் சின்னது. இந்தத் துளைதான் அதைத் தூக்கிப் பெருசாக்கும். போன் சத்தம் ஏற்கனவே பெருசு. அதைக் கொண்டுபோய் இதுல குடுத்தா வீடு தாங்குமா?” என்றார்.

வயர்களை மாற்றினார். நான் சுருட்டி வைத்திருந்த வயரை எடுத்து மெசினுக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் பூட்டினார். ‘ம்ம்ம்’ நின்றுவிட்டது. அது இரைச்சலை இறக்குகிற வயராம். அதன்பிறகு குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் தட்டு, அந்தப் பக்கம் திருப்பினால் போன். வீட்டில் சமாதானம் வந்தது. காலையில் அக்காவின் போன், பின்னேரம் என் தட்டு. நானும் அவாவும் எது நல்லது என்று வாதாடிக்கொண்டே கேட்டோம். தட்டில்தான் பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்கிறது என்பேன் நான். தட்டில் பொரிகிற சத்தமும் கேட்கிறது என்பா அவா. இப்படி ஒரு மாதம் சந்தோசமாகச் சண்டை பிடித்தோம்.

பிறகு கணபதியின் மாமியார் மோசம் போனா. தொண்ணூற்றொரு வயது, குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை பாட்டுச் சத்தம் வைக்கலாமோ? பெட்டியை மூடி வைத்தோம். நாலாம் நாள் உமது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் ஹெட்போன் ஞாபகம் வந்தது. காதில் மாட்டினால் கணபதிக்கும் கேட்காது, கடவுளுக்கும் கேட்காது. அவா அதை மாட்டிக்கொண்டு போனில் தன் பழைய பாட்டுகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தா. எல்லாம் நன்றாகக் கேட்கிறது என்றா. எனக்குப் பொறுக்கவில்லை. நீர் அனுப்பியவற்றில், மட்டையில் ஒரு பெண் நாற்காலியில் இருந்து பாடுகிற படம் போட்ட தட்டு ஒன்று இருந்ததல்லவா, அதை வைத்து, “இப்ப இதைக் கேளும், இதுதான் பாட்டு” என்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டா. நெற்றி சுருங்கியது.

“இதிலை பாட்டுக்காரி இல்லை. வயலினும் மத்தளமும் மட்டும்தான்.”

“என்ன கதை கதைக்கிறீர்? மட்டையிலை அவவின்ரை படமெல்லோ போட்டிருக்கு.”

“படம் இருக்கு. ஆள் இல்லை. நான் என்ன பொய்யே சொல்லுறன்?”

ஹெட்போனை வாங்கி என் காதில் மாட்டினேன். இடது பக்கத்தில் அந்தப் பெண் என் தோளில் முகத்தை வைத்ததுபோலப் பாடுகிறா. திருப்பிக் கொடுத்தேன். இல்லை என்றா. நான் மாட்டினால் இருக்கிறா, அவா மாட்டினால் இல்லை. “பாத்தீங்களே, போன்தான் முழுசு. உங்கட தட்டு அரைவாசி” என்று அவா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. நான் விடவில்லை. வேண்டுமென்றே சொல்லுகிறா, தட்டை மட்டந்தட்டச் சொல்லுகிறா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பழுதான தட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டீர் என்று உம்மையும் மனதுக்குள் ஏசினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்றாம் நாள் சங்கிலியைத் திரும்பவும் கூப்பிட்டேன். வந்து கேட்டார். “சரியாத்தானே இருக்கு ஐயா” என்றார். எனக்கு வெற்றி. “நேசம், இஞ்சை வாரும், தொழில் தெரிஞ்ச மனிசன் சொல்லுறார்” என்று கூப்பிட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதிரையில் இருந்து மாட்டினா. “இல்லைத் தம்பி. வயலின்தான் கேக்குது” என்றா.

சங்கிலி அவாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அக்கா, அதை ஒருக்காக் கழட்டித் திருப்பிப் போட்டுப் பாருங்க. இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம்” என்றார்.

அக்கா திருப்பிப் போட்டா. உடனே முகம் மலர்ந்தது.

“ஆ, இப்ப பாட்டுக்காரி வந்திட்டா! நல்ல குரல்.” ஒரு கணம் கேட்டுவிட்டு, “வயலின்காரன்தான் எங்கையோ போயிட்டான்” என்றா.

நான் சிரித்தேன். தம்பி, உண்மையைச் சொல்லவேண்டும், நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெட்டிக்குள் ஆட்கள் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்கள் என்று பகிடியும் விட்டேன். சங்கிலி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைக் கண்ட பிறகுதான் என் சிரிப்பு நின்றது. அக்காவும் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தா. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்து, அதன் வயரை விரலில் சுற்றத் தொடங்கினா.

“அந்தக் காலத்துத் தட்டுல சிலதுல குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மத்தப் பக்கமும் பிரிச்சுத்தாங்க வச்சிருப்பாங்க,” என்றார் சங்கிலி, என் முகத்தைப் பார்க்காமல். “அக்கா போன்ல கேக்கிறது அதுக்கும் முந்தின பாட்டு. அதுல எல்லாம் ஒண்ணாத்தான் வரும். ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்.” பிறகு அம்பிளிபயரின் முன்பக்கத்தில் ‘மோனோ’ என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினார். “இது ரெண்டு பக்கத்தையும் கலந்து குடுக்கும். இதை அமுக்கியே வச்சிருங்க. நான் வாறேங்க. தேத்தண்ணி வேணாம், கோயில்ல வேலை கிடக்கு.” கோயிலில் ஒரு வேலையும் இல்லை. எனக்குத் தெரியும், நான் கோயில் சபையில் இருக்கிறேன்.

அவர் போன பிறகும் தட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி கடைசிக்கு வந்து தட்டிக்கொண்டிருந்தது. இருவரும் எழும்பி அதைத் தூக்கவில்லை.

இதை நீர் நின்றுகொண்டு வாசிக்கிறீர் என்றால் கதிரையில் இருந்துகொள்ளும், தம்பி. உமது அக்காவுக்கு இடது காது கேட்காது. ஒரு சொட்டும் கேட்காது. இன்று நேற்று அல்ல, பதினைந்து வருடமாக.

“எப்ப தொடக்கம்?” என்று கேட்டேன்.

“உங்கட அண்ணை போன அண்டைக்கு.”

உமக்குத் தெரியும், அண்ணை கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுக் கரையில் எங்களோடு நடந்து வரும்போது ஷெல் பட்டுப் போனவர். எனக்கும் அக்காவுக்கும் இடதுபக்கம்தான் நடந்தார். அன்றைக்கு நான் இருந்த இருப்பு எனக்கு இப்போதும் சரியாக ஞாபகமில்லை. அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது.

“நீங்கள் அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தியள். எனக்கு நீங்கள் கத்துறது ஒரு பக்கத்தாலைதான் கேட்டது. அந்த நேரம், எனக்கு ஒரு காது கேக்கேல்லை எண்டு சொல்லுறதே? அங்கை எல்லாருக்கும் ஏதோ ஒண்டு போனது. கால் போனவை இருந்தவை, பிள்ளை போனவை இருந்தவை. இது காதுதானே எண்டு விட்டிட்டன்.”

“பிறகு சொல்லியிருக்கலாமே. அகதி முகாமிலை இருந்து வந்த பிறகு?”

“சொல்லலாம் எண்டு இருந்தனான். ஒரு வருசம் போச்சுது. பிறகு ரெண்டு வருசம். அதுக்குப் பிறகு சொன்னால், ஏன் இவ்வளவு காலம் சொல்லேல்லை எண்டு கேப்பியள். அதுக்குப் பதில் இல்லை. அதாலை சொல்லேல்லை.”

நான் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

அன்று முழுவதும் எனக்குப் பழைய விசயங்கள் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்ந்துகொண்டே வந்தன. பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் இருந்தாலும் எழுப்பி இடம் மாற்றுவா. யன்னல் காற்றுக்கு ஆசைப்படுகிறா என்று நினைத்துக் கோபித்திருக்கிறேன். கோயிலில் எப்போதும் இடதுபக்கத் தூணடியில் போய் இருப்பா. அது ஏதோ நேர்த்தி என்று நினைத்திருக்கிறேன். கூப்பிட்டால் சில நேரம் பேசாமல் போவா. அதைத் திமிர் என்று உமது அம்மாவுக்கே ஒருமுறை முறைப்பாடு வைத்திருக்கிறேன். இந்த ஊரே கேட்டுப் பகிடி பண்ணுகிற என் குறட்டைக்குப் பக்கத்தில் ஒரு மனிசி எப்படி இவ்வளவு நிம்மதியாகப் படுக்கிறா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வலது காதைத் தலையணையில் புதைத்தால் அவாவுக்கு ஊரே இல்லை. அதற்கு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் தம்பி, அன்பு என்று.

அடுத்த நாள் எட்டுச் செலவு முடிந்தது. நான் அந்தத் தட்டைத் துடைத்து வைத்து, மோனோப் பொத்தான் அமுக்கி இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து, ஹெட்போனை அவாவின் காதில் நானே மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. பாட்டு முடிந்ததும், “இவ்வளவும் இதுக்குள்ளை இருந்ததே?” என்று மட்டும் கேட்டா. திரும்பவும் போடச் சொன்னா. நாலு தரம் போட்டேன். இப்போது எங்கள் வீட்டில் தட்டா போனா என்ற சண்டை இல்லை. இரண்டும் ஒரே பொத்தானுக்குக் கீழே, ஒன்றாகக் கலந்துதான் வருகிறது. எனக்குக் கொஞ்சம் தட்டையாகக் கேட்கிறது என்பது உண்மை, அகலம் குறைந்துவிட்டது. அதை நான் அவாவுக்குச் சொல்லவில்லை. என் முறைக்கும் ஒரு விசயம் சொல்லாமல் இருந்து பார்க்கிறேன்.

இனிக் கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். வவுனியாப் பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கிற டொக்டர் இருக்கிறார். போவோம் என்றால், “ஒண்டு இருக்குத்தானே, அது காணும்” என்கிறா. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பிள்ளையார் மேல் சத்தியம் வேறு வாங்கிவிட்டா. பிள்ளையாருடன் நான் தனியாகக் கதைத்துச் சமாளித்துக்கொள்வேன். நீர் செய்யவேண்டியது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வாற ஞாயிறு கதைக்கும்போது, உமக்குத்தான் காதில் ஏதோ கரைச்சல் என்றும், டொக்டரிடம் போனீர் என்றும், போனது எவ்வளவு நல்லது என்றும் ஒரு பொய் சொல்லும். எந்தக் காது என்று கேட்டால் இடது என்று சொல்லாதேயும், பிடிபட்டுவிடுவீர். நீர் சொன்னால் கேட்பா. சின்ன வயதிலிருந்தே உமது சொல்லுக்கு இருக்கிற மதிப்பு இந்த வீட்டில் என் சொல்லுக்கு இல்லை. இந்தச் செய்தி உமக்குத் திடீரென்று நெஞ்சில் அடித்ததுபோல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரையில் முகத்தைக் காட்டும்போது அழுகிற முகத்தோடு வராதேயும். அக்கா முகத்தை வாசித்துவிடுவா. இத்தனை வருடம் அப்படித்தானே சமாளித்திருக்கிறா.

பிரேமிளாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் படிப்பும் பசியும் குறையாமல் இருக்கட்டும். உமது புது வீட்டின் கதவு நல்ல செய்திக்கு மட்டும் திறக்கட்டும் என்று ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
சி. கனகலிங்கம்

பி.கு.: மேலே எழுதியது முழுவதும் வீண். உறையில் போட்டு முத்திரையும் ஒட்டிய பிறகு, அக்கா தேத்தண்ணியோடு வந்து விலாசத்தைப் பார்த்தா. “தம்பிக்கோ? என்ரை காதைப் பற்றியோ?” என்றா. நான் தபால் திணைக்களத்தின் இரகசியக் காப்பு விதிகளை நினைத்துக்கொண்டு உறையைக் கவிழ்த்துப் பிடித்தேன். அவா சிரிக்கத் தொடங்கிவிட்டா. “அவனுக்குத் தெரியும். முகாமிலை இருந்து முதல் முதல் அவனோடை போன் கதைக்கேக்கையே சொல்லிப்போட்டன். ஒவ்வொரு வருசமும் டொக்டரட்டைப் போ எண்டு அவன் சொல்லுறதும், நான் மாட்டன் எண்டுறதும்தான் எங்கட கதை” என்றா. நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்ப எனக்கேன் சொல்லேல்லை, அவனுக்குச் சொல்ல முடிஞ்சதெல்லோ என்று, கேட்கக்கூடாது என்று இருந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன். “அவன் தூரத்திலை இருக்கிறான். அழுதாலும் எனக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்திலையெல்லோ” என்றா. தேத்தண்ணியை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாறன் என்றும் சொல்லிவிட்டுப் போனா. ஆகவே நீர் எந்தப் பொய்யும் சொல்லவேண்டாம். உறையைப் பிரித்து இதைச் சேர்த்து எழுதித் திரும்பவும் ஒட்டுகிறேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும், தம்பி. அன்று முகாமிலிருந்து அக்கா கதைத்து முடித்து, நீர் அந்தப் போனை வைத்த பிறகு அழுதீரா? அதை எனக்கு மட்டும் எழுதும்.